காக்கும் சட்டமும் நினைக்கும் மக்களும்

(விழா அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முன்னோர் விட்டுச் செல்லும் செல்வம் இருவகைப்படும். பொன்னும் பொருளும் பெட்டிக்குள் இருக்கும். அவர்கள் வாழ்ந்த வீடும், கூடி வழிபட்ட இடமும், நடந்து தேய்ந்த தெருவும் திறந்த வெளியில் நிற்கும். பெட்டியில் உள்ளதைக் காக்கப் பூட்டொன்று போதும். திறந்த வெளியில் நிற்பதைக் காப்பது எது?

இவ்வினாவிற்கு விடை தேடிய ஊர்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் நியூயார்க் மாநகரம் கண்ட விடையை இவ்வவையில் எடுத்துரைப்பது பொருத்தமாகும். நிலத்தின் விலை வானளாவிய ஊர் அது. பழையதை இடித்துப் புதியதை எழுப்புவதே வளர்ச்சி என்று நெடுங்காலம் எண்ணிய ஊரும் அதுவே. அத்தகைய ஊர், தன் பழமையைக் காப்பதற்கென்றே ஓர் ஆணையத்தை அமைத்தது. அவ்வாணையம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு செயற்படுகிறது, அதனால் இயல்வது யாது, இயலாதது யாது என்பனவே இவ்வுரையின் பொருள்.

ஓர் இழப்பு தந்த பாடம்

1910-ஆம் ஆண்டில் அம்மாநகரில் பென்சில்வேனியா இரயில் நிலையம் திறக்கப்பட்டது. பண்டை உரோமானியரின் நீராட்டு மண்டபங்களை முன்மாதிரியாகக் கொண்டு அதன் காத்திருப்புக் கூடம் எழுப்பப்பட்டிருந்தது. பயணச்சீட்டு வாங்க வந்த எளியவரும் அரண்மனைக்குள் நுழைந்தவர் போல் நிமிர்ந்து நோக்கும் கட்டடம் அது. அரை நூற்றாண்டு கழிந்தது. மக்கள் மோட்டார் வண்டிகளிலும் விமானங்களிலும் செல்லத் தலைப்பட்டனர். இரயில் நிறுவனத்தின் வருவாய் குன்றியது. நிலையத்தை இடித்துவிட்டு, அவ்விடத்தில் விளையாட்டரங்கமும் அலுவலகக் கட்டடமும் எழ இடந்தரலாம் என்று அந்நிறுவனம் முடிவு செய்தது.

1962-ஆம் ஆண்டில் கட்டடக்கலைஞரும் எழுத்தாளரும் பதாகை ஏந்தி நிலையத்தின் முன்னே நின்றனர். பயன் விளையவில்லை. கட்டடம் நிறுவனத்தின் உடைமை. உடைமையாளர் இடிக்க முற்பட்டால் தடுப்பதற்கு அந்நாளில் சட்டம் இல்லை. 1963-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 28-ஆம் நாள் இடிப்புப் பணி தொடங்கியது.

பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்னும் முயற்சி அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும், கண்ணெதிரே சரிந்த இந்நிலையம் அம்முயற்சிக்கு மக்கள் ஆதரவைத் தேடித் தந்தது. 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் மேயர் இராபர்ட் வாக்னர் மரபுச்சின்னச் சட்டத்தில் கையொப்பமிட்டார். மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் பிறந்தது. இழந்த நிலையத்தை அச்சட்டத்தால் மீட்க இயலவில்லை. அதுபோன்ற அடுத்த இழப்பைத் தடுக்கும் வழி மட்டும் பிறந்தது.

ஆணையத்தின் அமைப்பு

ஆணையத்தில் உறுப்பினர் பதினொருவர். மாநகர மன்றத்தின் இசைவோடு மேயர் அவர்களை அமர்த்துகிறார். பதவிக்காலம் மூன்றாண்டுகள். மூவரேனும் கட்டடக்கலைஞராக இருத்தல் வேண்டும். வரலாற்றறிஞர் ஒருவர், நகரத் திட்டமிடுவோர் அல்லது நிலத்தோற்றக் கலைஞர் ஒருவர், வீடுமனைத் தொழிலில் உள்ளவர் ஒருவர் இடம்பெறுதல் வேண்டும். மாநகரின் ஐந்து பெரும்பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொருவரேனும் இருத்தல் வேண்டும். தலைவருக்கு மட்டுமே ஊதியம் உண்டு. ஏனையோர் ஊதியமின்றிப் பணியாற்றுகின்றனர். ஆய்வாளரும் தொல்லியலாளரும் அலுவலகத்தில் இருந்து அவர்களுக்குத் துணைபுரிகின்றனர்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. கட்டடத்தின் அழகை அறிந்தவரும், அதன் கதையை அறிந்தவரும், அதன் விலையை அறிந்தவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அழகை மட்டும் பேசினால் உடைமையாளரின் இடர் புலப்படாது. விலையை மட்டும் பேசினால் எதுவும் எஞ்சாது. மூன்றையும் அறிந்து முடிவு காண்பதே நோக்கம்.

செயற்படும் முறை

ஓர் இடம் மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட வேண்டுமாயின், அது தோன்றி 30 ஆண்டுகளேனும் கழிந்திருத்தல் வேண்டும். நகருக்கோ, மாநிலத்துக்கோ, நாட்டுக்கோ உரிய சிறப்பு அதற்கு இருத்தல் வேண்டும். தனிக்கட்டடம், தொன்மை வாய்ந்த தெருக்களின் தொகுதி, மக்கள் சென்று வரும் கட்டடத்தின் உட்புறம், பூங்கா முதலிய இயற்கைக் காட்சியிடம் என நான்கு வகையாக அவை அறிவிக்கப்படுகின்றன. பின்னிரண்டு வகைகளும் 1973-ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்தவை.

எவர் வேண்டுமாயினும் ஓரிடத்தைப் பரிந்துரைத்து ஆணையத்துக்கு எழுதலாம். அலுவலர் அதன் வரலாற்றை ஆராய்வர். தகுதி உண்டெனக் கண்டால் ஆணையம் அதனை ஆய்வுப் பட்டியலில் ஏற்றி, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு நாள் குறிக்கும். அக்கூட்டத்தில் உடைமையாளர் பேசலாம், அண்டை வீட்டார் பேசலாம், அறிஞர் பேசலாம், பள்ளிப் பிள்ளைகளும் பேசலாம். பின்னர் வாக்கெடுப்பு நிகழும். அறுவரேனும் இசைந்தால்தான் அறிவிப்பு நிறைவேறும். அதன்பின் நகரத் திட்டக் குழு தன் கருத்தைத் தெரிவிக்கும். மாநகர மன்றம் அந்த அறிவிப்பை ஏற்கலாம், திருத்தலாம், மறுக்கவும் செய்யலாம்.

அறிவிப்போடு பணி முடிவதில்லை. அதன்பின் கட்டடத்தின் புறத்தோற்றத்தை மாற்றவோ, புதிதாக ஒன்றைச் சேர்க்கவோ, இடிக்கவோ ஆணையத்தின் இசைவு வேண்டும். உடைந்த கண்ணாடியை மாற்றுதல், இருந்த நிறத்திலேயே வண்ணம் பூசுதல் போன்ற எளிய பணிகளுக்கு இசைவு தேவையில்லை. கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பது உடைமையாளரின் கடமை. இடிக்கக் கூடாதென்றால் தானே இடிந்து விழட்டும் என்று கைவிட்டு விடுவதும் சட்டப்படி குற்றமாகும்.

உடைமையாளர் தாங்க இயலா இடரில் சிக்கினால் அவருக்கும் வழியுண்டு. மதிப்பிட்ட விலையில் ஆண்டுக்கு 6 விழுக்காடு நிகர வருவாய் கிடைக்கவில்லை என்று அவர் மெய்ப்பித்தால், ஆணையம் வரிச்சலுகை முதலிய மாற்று வழிகளைத் தேட வேண்டும். எவ்வழியும் கைகூடாதாயின் இடிக்க இசைவு தந்தாக வேண்டும்.

1965-ஆம் ஆண்டு அக்டோபரில் புரூக்ளினில் உள்ள வைக்காப் இல்லம் என்னும் மரத்தாலான பண்ணை வீடு முதற்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று ஆணையத்தின் காப்பில் 37,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் இடங்களும் உள்ளன.

நீதிமன்றத்தின் முன்

இத்தகைய சட்டம் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 1913-இல் திறக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஆணையம் 1967-இல் மரபுச்சின்னமாக அறிவித்தது. உடைமையாளரான பென் சென்ட்ரல் நிறுவனம், நிலையத்தின் மேல் ஐம்பது மாடிகளுக்கும் மேற்பட்ட கோபுரம் எழுப்ப விழைந்தது, ஆணையம் மறுத்தது. வழக்கு மூண்டது. தன் நிலத்தின் பயனை இழப்பீடின்றிப் பறிப்பதற்கு இது நிகரன்றோ என்று நிறுவனம் வாதிட்டது. கீழ் நீதிமன்றத்தில் நகரம் தோற்றது. அப்போது குடிமக்கள் பலர் திரண்டனர். மறைந்த குடியரசுத் தலைவர் கென்னடியின் துணைவியாராக இருந்த ஜாக்குலின் ஒனாசிசும் அவர்களுள் ஒருவர். இறுதியில் 1978-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

வழிபாட்டிடங்களைப் பேணும் பொறுப்பில் உள்ளோர் சிந்திக்கத்தக்க வழக்கு மற்றொன்று உண்டு. பார்க் அவென்யூ என்னும் பெருவீதியில் உள்ள புனித பர்த்தலோமியு தேவாலயமும், அதனை அடுத்த சமுதாயக் கூடமும் மரபுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தன. அக்கூடத்தை நீக்கிவிட்டு, உயர்ந்த அலுவலகக் கோபுரம் எழுப்பத் தேவாலயத்தார் 1983-இல் இசைவு கோரினர். அதில் வரும் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம். அதைத் தடுப்பது சமய உரிமையில் தலையிடுவதாகும் என்பது அவர்கள் வாதம். ஆணையம் இசையவில்லை. 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இச்சட்டம் எச்சமயத்தையும் குறிவைத்ததன்று, எல்லார்க்கும் பொதுவானது என்று கூறி ஆணையத்தின் முடிவை உறுதி செய்தது.

இவ்வழக்கில் இருபுறமும் அறம் இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. பசித்தவர்க்கு உதவ விழைந்ததும் அறம். முன்னோர் எழுப்பியதைக் காக்க விழைந்ததும் அறம். தன் உடைமையில் தன் விருப்பம் செல்லாமற்போவது எளிதில் தாங்கத்தக்க சுமையன்று. ஆகவே அச்சுமையை ஒருவர் மேல் ஏற்றும் முன், அவ்விடம் ஏன் காக்கத்தக்கது என்று மக்கள் முன்னே காரணம் காட்டியாக வேண்டும். ஆணையத்தின் நீண்ட நடைமுறை அனைத்துக்கும் அடிப்படை இதுவே.

நான்கு எளிய வீடுகள்

இரயில் நிலையமும் தேவாலயமும் கண்ணைக் கவரும் பெருங்கட்டடங்கள். அவற்றின் சிறப்பை எவரும் அறிவர். சிறப்பு வெளியே தெரியாத இடங்களின் நிலை என்ன? அதனை அறிய, புரூக்ளினில் உள்ள வீக்ஸ்வில் என்னும் சிற்றூரின் கதையைக் கேட்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் முடிவுற்றது. பதினோராண்டுகள் கழித்து, 1838-இல், துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளியாகிய ஜேம்ஸ் வீக்ஸ் என்னும் கருப்பினத்தவர் அங்கே நிலம் வாங்கினார். அவரைப் பின்பற்றிப் பிறரும் வாங்கினர். அவர் பெயரால் ஊர் எழுந்தது. அந்நாளில் நிலம் வாங்குவது குடியிருப்பதற்கு மட்டும் உரிய செயலன்று. கருப்பின ஆடவர் வாக்களிக்க வேண்டுமாயின் 250 டாலர் மதிப்புள்ள நிலவுடைமை வேண்டும் என்று மாநிலச் சட்டம் விதித்திருந்தது. ஆதலின் அவர்கள் வாங்கிய ஒவ்வொரு துண்டு நிலமும் குடிமகன் என்னும் தகுதிக்கு அடித்தளமாயிற்று.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்ந்தனர். பள்ளி, தேவாலயங்கள், ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம், முதியோர் இல்லம், செய்தித்தாள் ஆகியவற்றைத் தாமே அமைத்துக்கொண்டனர். 1863-ஆம் ஆண்டின் கலவரத்தில் மன்ஹாட்டனிலிருந்து தாக்குதலுக்கு அஞ்சி ஓடிவந்த கருப்பின மக்களுக்கு அவ்வூர் அடைக்கலம் தந்தது.

பின்னர் நகரம் பெருகியது. கட்டங் கட்டமாகப் புதுத் தெருக்கள் பழைய ஊரின் மேல் விரிந்தன. குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. வீக்ஸ்வில் என்னும் பெயரும் மக்கள் நாவிலிருந்து மறைந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஏட்டில் மட்டும் எஞ்சிய பெயர்.

1968-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹர்லி என்னும் வரலாற்றாய்வாளர் அப்பெயரை ஏடுகளிற் கண்டு, இடத்தைத் தேடினார். தெருவில் நடந்து தேடியும் தெளிவு பிறக்கவில்லை. ஜோசப் ஹெய்ன்ஸ் என்னும் விமானியுடன் சிறு விமானத்தில் ஏறி, மேலிருந்து நோக்கினார். நேர்கோடாகக் கிடந்த தெருக்களுக்கு இணங்காமல் சாய்ந்து கிடந்த பழஞ்சந்து ஒன்றும், அதன் ஓரத்தில் நான்கு மரவீடுகளும் தென்பட்டன. அச்சந்து, தெருக்கள் தோன்றுவதற்கு முற்பட்ட ஹண்டர்பிளை சாலையின் எச்சம். அவ்வீடுகள் வீக்ஸ்வில்லின் எச்சம்.

அவ்வேளையில் அருகிலிருந்த மனைகள் புதுக்குடியிருப்புக்காக இடித்துச் சமன்செய்யப்பட்டுக் கொண்டிருந்தன. காலம் தாழ்த்த இயலாது. அப்பகுதி மக்களும் மாணவரும் சாரணச் சிறுவரும் இடிபாடுகளிடையே அகழ்ந்து தேடினர். முன்னோரின் வீட்டுப் பொருள்கள் கிடைத்தன. தகரத் தகட்டில் எடுத்த ஒளிப்படம் ஒன்றும் கிடைத்தது. நன்கு உடுத்து, நேரே நோக்கும் கருப்பினப் பெண்மணி ஒருவரின் உருவம் அதில் இருந்தது. அவர் பெயர் எவர்க்கும் தெரியவில்லை. வீக்ஸ்வில் பெருமாட்டி என்றே ஊரார் அவரை அழைத்தனர்.

அவ்வூரின் 243-ஆம் எண் அரசுப் பள்ளியின் பிள்ளைகள் இக்கதையைத் தம் ஆசிரியரிடம் கற்றனர். மரபுச்சின்ன ஆணையத்தின் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் சென்றனர். அறிஞரும் வழக்கறிஞரும் பேசும் அவையில், அவ்வீடுகளைக் காக்க வேண்டும் என்று சிறுபிள்ளைகள் எழுந்து சான்றுரைத்தனர். 1970-ஆம் ஆண்டில் ஆணையம் அந்நான்கு வீடுகளையும் மரபுச்சின்னமாக அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அவ்வீடுகளில் பளிங்குத் தூண் இல்லை. பெயர் பெற்ற கலைஞர் எவரும் அவற்றை வடிவமைக்கவில்லை. அழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அவை பட்டியலில் ஏறியிரா. அவற்றுள் வாழ்ந்தோர் யார், எத்தகைய காலத்தில் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே அவற்றின் சிறப்பு. அச்சிறப்பைச் சுவர் தானே சொல்லாது. தெரிந்தவர் வந்து சொல்ல வேண்டும். அன்று சொன்னவர்கள் பிள்ளைகள்.

அறிவிப்புக்குப்பின் அவ்வூரார் ஓய்ந்திருக்கவில்லை. வீக்ஸ்வில் வரலாற்றைக் காப்பதற்கென ஒரு சங்கம் கண்டிருந்தனர். அச்சங்கம் 1973-இல் வீடுகளை விலைக்கு வாங்கியது. 1974 முதல் 1999 வரை ஜோன் மேனார்ட் அம்மையார் அதனை வழிநடத்தினார். பழுது பார்த்தல், நிதி திரட்டல், பிள்ளைகளுக்குக் கற்பித்தல் ஆகியவற்றிலேயே கால்நூற்றாண்டு கழிந்தது. இன்று அவ்விடம் வீக்ஸ்வில் மரபு மையமாக விளங்குகிறது.

ஆணையத்தால் இயலாதவை

ஆணையம் எல்லாம் வல்லதன்று. 1991-ஆம் ஆண்டில் கீழ் மன்ஹாட்டனில் நடுவணரசின் அலுவலகம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது, பழங்கால ஆப்பிரிக்கர்களின் இடுகாடு வெளிப்பட்டது. நானூற்றுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் அங்கே எடுக்கப்பட்டன. நடுவணரசின் பணியை நிறுத்தும் அதிகாரம் நகர ஆணையத்துக்கு இல்லை. கருப்பின மக்களின் எதிர்ப்பும் மேயரின் குரலும் நாடாளுமன்றத்தின் தலையீடும் சேர்ந்தே அப்பணியை நிறுத்தின. 1993-இல் அப்பகுதியை ஆணையம் தொன்மைப் பகுதியாக அறிவித்தது. 2003-இல் அவ்வெலும்புகள் உரிய மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. 2006-இல் அது தேசிய நினைவிடமாயிற்று.

ஆணையம் அறிவித்ததை மாநகர மன்றம் மறுத்ததும் உண்டு. 2005-இல் புரூக்ளின் ஆற்றங்கரையில் உள்ள ஆஸ்டின் நிக்கல்ஸ் கிடங்கின் அறிவிப்பு அவ்வாறே நீக்கப்பட்டது.

மேலும், அறிவிப்பு என்பது பணமன்று. இடிப்பாரின் கையைச் சட்டம் தடுக்கும். கூரையில் ஒழுகும் நீரை அது தடுக்காது. 2019-ஆம் ஆண்டில் வீக்ஸ்வில் மரபு மையமே நிதியின்றி மூடப்படும் நிலையை எய்தியது. அதன் பொறுப்பாளர்கள் தம் நிலையை மறைக்காமல் மக்களிடம் எடுத்துரைத்தனர். சிறுதொகைகளாகப் பலர் வழங்கிய கொடை இரண்டு இலட்சம் டாலரைக் கடந்தது. நகர நிர்வாகமும் தொடர்ந்து உதவி பெறும் நிறுவனங்களின் வரிசையில் அதனைச் சேர்த்துக்கொண்டது. ஐம்பதாண்டுகளுக்கு முன் காக்கப்பட்டது இரண்டாம் முறையும் காக்கப்பட்டது. ஒருமுறை காத்தால் போதும் என்பது மரபுச்செல்வத்திற்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிறைவாக

ஆணையத்தின் பணியைச் சுருங்கக் கூறின், அஃது இடிக்க ஓங்கிய கையைச் சற்றே நிறுத்தி, இதனை ஏன் காக்க வேண்டும் என்று ஊராரை வினவுகிறது. விடை சொல்வோர் இருந்தால் அவ்விடம் நிலைக்கும். இல்லையேல் எத்துணைச் சிறந்த சட்டமும் வெற்றேடாகவே கிடக்கும். பென்சில்வேனியா நிலையத்தின் முன் நின்றோர்க்குச் சொல்ல விடை இருந்தது. கேட்க ஆணையம் இல்லை. வீக்ஸ்வில் பிள்ளைகள் விடையோடு வந்தபோது கேட்க ஆணையம் இருந்தது. இரண்டும் ஒன்றுகூடியதாலேயே அந்நான்கு வீடுகள் நிற்கின்றன.

ஆதலின், முன்னோர் விட்டுச் சென்ற இடம் எதுவாயினும், அதனைப் பேணும் பொறுப்பேற்றோர் செய்யத்தக்கவை சில உள. அதன் வரலாற்றை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு, அவர்கள் உள்ள காலத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும். பத்திரங்களையும் ஒளிப்படங்களையும் பெயர் குறித்துப் பாதுகாத்தல் வேண்டும். பெயர் குறியாமையால் அன்றோ வீக்ஸ்வில் பெருமாட்டி இன்றளவும் பெயரற்றவராக இருக்கிறார்! கூரையையும் வடிகாலையும் ஆண்டுதோறும் பார்த்துப் பழுது நீக்குதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, அக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் வேண்டும். அவ்விடத்தைப் பற்றி யாரேனும் வினவும் நாள் எப்போது வரும் என்று எவரும் அறியார். அந்நாளில் எழுந்து நின்று விடை சொல்ல வேண்டியவர் அப்பிள்ளைகளே.